பேட்டரிக்கு நெற்றி எந்தப் பக்கம்?

சிலருக்குப் பாட வரும். சிலருக்கு நன்றாகச் சமைக்க வரும். எனக்குப் பயப்பட வரும். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் பினாங்குப் பாலத்தின் நடுவில் வந்து, அங்கே திரும்ப வழியில்லாததால் அக்கரைவரை போய், சுற்றி வளைத்து வீட்டுக்கு வந்து பார்த்தவன் நான். (அணைத்துத்தான் இருந்தது. எப்போதும் அணைத்துத்தான் இருக்கும்.)

என் உத்தியோகமும் இந்தக் குணத்துக்குத் தோதாக அமைந்துவிட்டது. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வெளியிலிருந்து வரும் உதிரிப் பாகங்களை உற்றுப் பார்த்து, "இது சரியில்லை" என்று சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டிலும் அதே வேலையைத்தான் செய்கிறேன், சம்பளம்தான் இல்லை என்பாள் என் மனைவி புஷ்பா.

எங்கள் ஒரே மகள் லோஷினி. கல்லூரியில் படித்துக்கொண்டே பகுதி நேர வேலை பார்த்து, சேர்த்த பணத்தில் ஒரு ட்ரோன் வாங்கினாள். உள்ளங்கை அகலத்தில் இருந்தது. மடித்துவைத்தால் தூங்கும் வௌவால்; பறக்கவிட்டால் தலைக்கு மேல் சுற்றும் நான்கு கத்திகள். அவளுக்கு அது கேமரா. எனக்கு அது கத்தி. இதில் எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவேயில்லை.

அப்போதுதான் புஷ்பாவின் அக்கா சரோஜா, தன் மகள் நிஷாவின் நிச்சயதார்த்தத்தை தஞ்சோங் பூங்கா கடற்கரையோர மண்டபம் ஒன்றில் ஏற்பாடு செய்தார். வானத்திலிருந்து படம் எடுக்கும் பொறுப்பு லோஷினிக்கு. படம் நன்றாக வந்தால் கல்யாணத்துக்கும் அவள்தான். இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் அவர்களுக்குத் தெரிந்த கேமராக்காரரைக் கூட்டி வருவார்கள்.

"பெரியம்மா என்னை நம்பிக் குடுத்திருக்காங்கப்பா. இதுல சொதப்பினா அப்புறம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க" என்றாள் லோஷினி. கேலியாகப் பேசுகிற பெண், அன்றைக்குக் கேலி செய்யவில்லை. எனக்குப் பயம் வந்தது. (எனக்கு எல்லாவற்றுக்கும் பயம் வரும். ஆனால் இது நிஜமான பயம்.)

ட்ரோனோடு வந்த பேட்டரி ஏற்கெனவே உழைத்துக் களைத்திருந்தது. புதிதாக வாங்க வேண்டும். அப்பாவும் மகளும் சூலியா தெருவுக்குப் போனோம். கைப்பேசி, கேமரா சாமான்கள் விற்கும் பாய், கண்ணாடி மேசைமேல் இரண்டு பேட்டரிகளை வைத்தார். பார்க்க இரட்டைப் பிள்ளைகள்.

"இது கம்பெனி ஒரிஜினல். கண்ண மூடிட்டு வாங்கலாம்ணே."

"இது?"

"இது வேற கம்பெனி செஞ்சது. இதையும் கண்ண மூடிட்டு வாங்கலாம்."

"கண்ணத் திறந்துக்கிட்டு வாங்குற மாதிரி எதுவும் இல்லையா பாய்?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் புரட்டிப் பார்த்தேன். வேறு கம்பெனிக்காரனின் ஒட்டுத்தாள் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. தொழிற்சாலையாக இருந்தால் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பியிருப்பேன்.

"இது வெடிக்குமா?"

"அண்ணே, நம்ம கடையில வாங்கினது எதுவும் வெடிச்சதா இதுவரைக்கும் யாரும் வந்து சொன்னதில்ல லா."

"வெடிச்சவன் எப்படி பாய் வந்து சொல்லுவான்?"

"ப்பா!" என்று லோஷினி கடையை விட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

அவள் வாதம் எளிமையானது. ஒரிஜினல் ஒன்றின் விலைக்கு மற்றதில் இரண்டு வாங்கலாம். அவளுடைய கூட்டாளிகள் அதைத்தான் போடுகிறார்கள், ஒரு பிரச்சினையும் இல்லை. என் வாதம் அதைவிட எளிமையானது: வேண்டாம். நடைபாதையில் நின்று வெகுநேரம் வாதாடினோம். நான் ஒரிஜினல் ஒன்றை வாங்கினேன். அவள் தன் காசில் மற்றதில் ஒன்றை வாங்கினாள். இருவரும் வென்ற முகத்தோடு வீடு திரும்பினோம்.

அந்த இன்னொரு பேட்டரியை நான் வீட்டுக்குள் விடவில்லை. பிஸ்கட் தகர டப்பாவில் மணல் நிரப்பி, அதற்குள் வைத்து, வாசல் கேட்டின் ஓரம் குடியமர்த்தினேன். பெட்ரோல் நிரப்பிய காடிக்குத் தூரம், சமையல் கேஸ் அடைத்த தோம்புக்குத் தூரம், பக்கத்து வீட்டுச் சுவருக்கும் தூரம். மழை வந்தால் ஓடிப் போய்க் குடை வைத்துவிட்டு வருவேன்.

"பெத்த பிள்ளைய இப்படிப் பாத்துக்கல" என்றாள் புஷ்பா.

ஒரிஜினலுக்கோ ராஜ உபசாரம். லோஷினி அதை முழுதாகச் சார்ஜ் செய்து கொடுத்ததும், நல்ல காரியத்துக்கு முன்னால் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிச் சாமி மேடையில் வைத்துவிட்டேன். அடுத்த சில நாளில் ஆயுத பூசை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு எதுவும் தப்பாது. காடி, மடிக்கணினி, சோறு வடிக்கும் குக்கர், மின்விசிறி, நான் தொழிற்சாலையில் பயன்படுத்தும் அளவுகோல் வரைக்கும் சந்தனம், குங்குமம். ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தவன் பேட்டரியிடம் வந்து நின்றேன்.

காடிக்கு முகம் உண்டு. குக்கருக்குக்கூட ஒரு முன்பக்கம் உண்டு. இதற்கு நெற்றி எந்தப் பக்கம்? மேலே வெறும் சாம்பல் நிறம். பின்னால் எழுத்துகள். ஒரு முனையில் மட்டும் சின்னச் சின்னப் பிளவுகளுக்குள் பொன்னிறத் தகடுகள் வரிசையாக மின்னின. அழகாக இருந்தது. அதுதான் முகம் என்று முடிவு செய்தேன். மகளுடைய முதல் பெரிய வேலை என்பதால் சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். (பன்னீரும் தெளித்திருப்பேன். தண்ணீர் பட்டால் மின்சாதனம் கெட்டுவிடும் என்ற அறிவு குறுக்கே வந்து தடுத்தது. படித்தவன் அல்லவா!)

நிச்சயதார்த்தத்தன்று காலை, லோஷினி பார்த்தால் கத்துவாளே என்று கைக்குட்டையால் அதை அழுத்தித் துடைத்தேன். வெளியே சுத்தமாகிவிட்டது. துடைத்த வேகத்தில் மிச்சமெல்லாம் பிளவுகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்பது எனக்குத் தெரியாது.

மண்டபத்தில் தட்டு மாற்றி முடிந்தது. சாயங்கால வெயிலில் இரண்டு குடும்பமும் மணலில் இறங்கி, மணமக்களை நடுவில் வைத்து வட்டமாக நின்றோம். ட்ரோன் கடல் பக்கமாகப் போய், உயரத்திலிருந்து எங்களை நோக்கி வந்து படம் எடுக்க வேண்டும். பறக்கவிட அனுமதி வாங்கியாயிற்றா என்று சரோஜாவிடம் மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். பேட்டரியை என் கையாலேயே மாட்டினேன். சொடக்கென்று உட்கார்ந்தது. ஒரிஜினல் ஒரிஜினல்தான்.

வட்டத்தின் கடல் பக்க ஓரத்தில், அலை வந்து காலைத் தொடும் இடத்தில், மாப்பிள்ளையின் அப்பா நின்றார். பட்டர்வொர்த்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டு ஜிப்பா, மடிப்புக் கலையாத வேட்டி. அவர் இருமினால்கூட நாங்கள் எழுந்து நின்றோம்.

ட்ரோன் ஏறியது. கடல் மேல் போனது. திரும்பியது. எல்லாரும் அண்ணாந்து கையசைத்தோம். அப்போது லோஷினியின் குரல் மாறியது.

"ஐயோ... பேட்டரி எரர் காட்டுது! தானா இறங்குது!"

சொன்னாளே தவிர, கையிலிருந்த கருவியை அவள் விடவில்லை. இறங்கிக்கொண்டே வந்த ட்ரோனைக் கடலில் விழவிடாமல் மெல்ல மெல்லக் கரைப் பக்கம் இழுத்து வந்தாள். செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்துகொண்டிருந்தாள். அந்த இடத்தில் சரியில்லாதது ஒன்றே ஒன்றுதான். அது நான்.

என் காதில் 'பேட்டரி', 'எரர்' என்ற இரண்டு சொற்களே விழுந்தன. மூளை மற்றதைத் தானாக எழுதிக்கொண்டது: நான் பார்க்காத நேரத்தில் இந்தப் பெண் அந்தத் தகர டப்பாச் சனியனை மாற்றிப் போட்டுவிட்டாள். சிவப்பு விளக்கு சிமிட்டியபடி அது நேராகத் தலைமையாசிரியரை நோக்கி இறங்குகிறது. அவரோ பேரப்பிள்ளையை வரவேற்பதுபோல் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

நான் ஓடினேன். பள்ளிக்கூட நாளில்கூட அப்படி ஓடியதில்லை.

"சார்! டூப்ளிகேட் பேட்டரி! வெடிக்கப்போவுது சார்!"

அவர் திரும்புவதற்குள் இடுப்போடு கட்டிப்பிடித்தேன். இருவரும் சேர்ந்து அலைக்குள் விழுந்தோம். பின்னால் ஒரே கூச்சல். பட்டுப் புடவைகள் நான்கு திசையிலும் பறந்தன. மாப்பிள்ளை நிஷாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். (அதுவரைக்கும் அவரைப் பற்றி எனக்கு இருந்த சந்தேகங்கள் அந்தக் கணத்தில் தீர்ந்தன.)

ட்ரோன், மேசையில் இட்லித் தட்டை வைப்பதுபோல், உலர்ந்த மணலில் அலுங்காமல் உட்கார்ந்தது.

தலைமையாசிரியர் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார்.

"தம்பி, என்ன வெடிச்சது?"

"இன்னும் வெடிக்கல சார்."

"எப்ப வெடிக்கும்?"

அவர் ஜிப்பாப் பையில் கைவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். அதிலிருந்து தண்ணீர் ஒழுகியது. இரண்டு முறை தட்டிப் பார்த்தார். "இது செத்துடுச்சு" என்றார், வருகைப் பதிவு எடுக்கிற குரலில்.

லோஷினி ட்ரோனிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கண்ணில் நீர் முட்டி நின்றது. சரோஜா அவளைப் பார்த்த பார்வையில் கல்யாணத்துக்கு வேறு கேமராக்காரர் வந்துகொண்டிருந்தார்.

நான் தண்ணீரிலிருந்தே அதட்டினேன். "அந்த டூப்ளிகேட்ட யாரு போடச் சொன்னா?"

"ப்பா, இது ஒரிஜினல். நீங்கதானே மாட்டினீங்க!"

தலைமையாசிரியர் எழுந்து, வேட்டியைப் பிழிந்துவிட்டு, பேட்டரியை வாங்கிப் பார்த்தார். பிளவுகளுக்குள் நகத்தால் சுரண்டினார். சுரண்டியதை மோந்து பார்த்தார்.

"சந்தனம்" என்றார். இன்னும் கொஞ்சம் சுரண்டினார். "உள்ள குங்குமமும் இருக்கு."

"அலாமாக்!" என்றாள் புஷ்பா. "பேட்டரிக்குப் பொட்டா வெச்சீங்க?"

"ஆயுத பூசைக்கு... எல்லாத்துக்கும்தானே வெச்சேன்."

"வெச்சா மேல வெக்க வேண்டியதுதானே! கரண்ட் போற வாயிலயா கொண்டுபோய் அப்புவாங்க?"

"அதுக்கு நெத்தி எதுன்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு. ஈரப் பட்டு உடம்போடு ஒட்டியிருக்க, மூச்சு வாங்க, மண்டி போட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததும் மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். பிறகு எங்கள் வீட்டாரும் துணிந்து சிரித்தார்கள்.

லோஷினி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெரியம்மா, வெளிச்சம் போறதுக்குள்ள இன்னொரு தடவ எடுத்துடுறேன். என்கிட்ட வேற பேட்டரி இருக்கு" என்றாள்.

மணப்பெண்ணின் ஒப்பனைப் பெட்டியிலிருந்து பஞ்சுக் குச்சி வாங்கினாள். கை கழுவும் கிருமிநாசினியில் தோய்த்து, ட்ரோனுக்குள் ஒட்டியிருந்த என் பக்தியைத் துளித் துளியாக எடுத்தாள். பிறகு பையிலிருந்து அதை வெளியே எடுத்தாள். மணல் ஒட்டியிருந்தது. எனக்கு அடையாளம் தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"நீங்க போயி காடில உக்காருங்க" என்றாள் புஷ்பா.

உட்கார்ந்தேன். சன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். ட்ரோன் ஏறியது. கடல் மேல் போய்த் திரும்பி வந்தது. கலைந்த தலைகளும் நனைந்த வேட்டியுமாக எல்லாரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு கையசைத்தார்கள். எதுவும் வெடிக்கவில்லை. அந்தப் படத்தைப் போல் ஒரு நிச்சயதார்த்தப் படத்தை இதுவரை பார்த்ததில்லை என்று மாப்பிள்ளை வீட்டாரே சொன்னார்கள். முறைப்பாக நின்று எடுத்திருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்காதாம். கல்யாணத்துக்கும் லோஷினிதான் என்று அங்கேயே முடிவானது. சொன்னவர் தலைமையாசிரியர்.

முதல் முறை பறந்தபோது எடுத்ததும் அழியாமல் இருந்தது. நீலச் சட்டைக்காரன் ஒருவன் வட்டத்தை உடைத்துக்கொண்டு பாய்ந்து ஒரு பெரியவரைக் கடலில் தள்ளுவது, மேலிருந்து, துல்லியமாக. நான் வாங்கிக் கொடுத்த புதுக் கைப்பேசியில் தலைமையாசிரியர் அதைத்தான் முதலில் ஏற்றிக்கொண்டார்.

அந்த நாள் என் உடம்பைவிட்டு இன்னும் போகவில்லை. எங்காவது விர்ரென்று சத்தம் கேட்டால் என் கால்கள் தாமாக ஓடத் தயாராகின்றன. மற்றவர்களுக்கும் அந்த நாள் உடம்பில் பதிந்துவிட்டது என்பது நிஷாவின் கல்யாணத்தில்தான் தெரிந்தது. மண்டபத்து முற்றத்தில் எல்லாரையும் நிற்கவைத்து லோஷினி மேலிருந்து எடுத்த படம் இப்போது சரோஜா வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. தோளோடு தோள் இடிக்க அவ்வளவு கூட்டம். நடுவில் ஓரிடத்தில் மட்டும், ஒரு கை நீளத்துக்குச் சுற்றிலும் வெறும் தரை. அதன் மையத்தில் நான். யாரும் பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை. கீழே நின்றபோது எனக்கே தெரியவில்லை.

அந்த வெற்றிடத்துக்குள் என்னோடு நிற்பவர் தலைமையாசிரியர் மட்டுந்தான். கைப்பேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். பாசம் என்று நினைத்துக்கொண்டேன். படத்தை உற்றுப் பார்த்தால் தெரியும், அவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருக்கிறார்.