மணி அடிக்கும் முன்னே

மணி அடித்தும் யாரும் இறங்கவில்லை என்பது அழகியநம்பியின் முதல் பிரச்சினை. மணி அடிக்கும் முன்பே எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்பது அடுத்த பிரச்சினை. இரண்டாவதுதான் அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது.

முதல் பிரச்சினை ஓணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் நடந்தது. சாலை பஜாரில் அழகியநம்பி மேனேஜராக இருந்த ஜவுளிக்கடைக்குத் தீயணைப்பு நிலையத்திலிருந்து பிரஜின் என்ற இளம் மலையாளி அதிகாரி வந்தார். ஒத்திகை பார்க்க வேண்டும் என்று சொல்லி அபாய மணியை அழுத்தினார். கடையே அதிர்ந்தது. ஆனால் ஓர் ஆள் அசையவில்லை. வேட்டி பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மட்டும் எரிச்சலோடு நிமிர்ந்தார்.

"அந்தச் சத்தத்தை நிறுத்துங்கடே. விலை சொல்றது காதுல விழமாட்டேங்கு."

பிரஜின் உதட்டைப் பிதுக்கினார். "சாறே, இது சரியாகாது கேட்டோ. அடுத்த வட்டம் வருவேன். ஆளுங்க மணி கேட்டு இறங்கணும். முன்னாலேயே ஒருத்தரும் அறியக்கூடாது. இல்லேங்கில் மேல்மாடியைப் பூட்டி சீல் வைப்பேன்."

மேல்மாடி பட்டுப் பிரிவு. அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் பெண்கள். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கமிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவர்கள். கணவனை இழந்தவள், தங்கை கல்யாணத்துக்கு உழைக்கிறவள், ஏழு மாதக் கர்ப்பத்தோடு இன்னும் விடுப்பு எடுக்காத ஜெபமலர் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு பாரம். திருநெல்வேலியிலிருந்த முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவர் போனில் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"மாடி போனா, மாடி ஆளும் போகட்டும்."

அழகியநம்பி கடவுளுக்கும் வருகை பதியும் பஞ்ச் மெஷினுக்கும் ஒரே அளவு பயப்படுகிறவர். ஓணத்துக்கு முன்னால் இத்தனை வீட்டு அடுப்பை அணைத்த பாவம் தனக்கு வேண்டாம் என்று நினைத்தார். அதிகாரி வருவதற்குள் தாமே ரகசியமாக ஒத்திகைகள் நடத்தி ஆட்களைப் பழக்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

முதல் ஒத்திகையைப் பற்றி அவர் ஒரே ஒருவரிடம் மட்டும் சொன்னார். மணி அடிக்க வேண்டிய வாட்ச்மேன் பிச்சைக்கனியிடம்.

"நான் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைப்பேன். உடனே அழுத்தும். அதுவரைக்கும் ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக்கூடாது, என்ன?"

"சரி அண்ணாச்சி."

மறுநாள் வெற்றிலை வாங்கி வர ஜெபமலரை அனுப்பிவிட்டு, அவர் கைக்குட்டைக்குப் பையில் கையை விட்டதும் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பட்டுப் பிரிவுப் பெண்கள் அத்தனை பேரும் சாப்பாட்டுப் பையோடு வரிசையாக இறங்கி, வாசலைத் தாண்டித் தெருவில் போய் நின்றார்கள். அதற்குப் பிறகுதான் மணி அடித்தது.

"யாருவே சொன்னது?" என்று அழகியநம்பி பிச்சைக்கனியின் மீது பாய்ந்தார்.

"பிள்ளைங்க மேல சத்தியம் அண்ணாச்சி, நான் வாயே திறக்கலை."

"வாய் திறக்காம ஒரு மாடியே எப்படிவே இறங்கும்?"

பிச்சைக்கனிக்கும் அது தெரியவில்லை. அழகியநம்பி பட்டுப் பிரிவுக்குத் தலைவி மாதிரி இருந்த கலைச்செல்வியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லலியே சார்."

"உண்மையைச் சொல்லு."

கலைச்செல்வி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "யாருமே சொல்லலைன்னு வச்சுக்கிடுவோம் சார்." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அழகியநம்பியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கடைக்குள் ஏதோ ஒரு கூட்டு நடக்கிறது!

அடுத்த ஒத்திகையைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மணி சுவிட்சுக்குப் பக்கத்தில் தாமே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சந்தேகம் வரக்கூடாது என்று எல்லாவற்றையும் வழக்கம்போலச் செய்தார். பில் போடும் கோலப்பனைத் திட்டினார். ஏ.சி. மெக்கானிக்குக்கு போன் போட்டார். ஜெபமலரை எதிர்க்கடைக்கு அனுப்பிச் சாம்பிள் லேஸ் வாங்கி வரச் சொன்னார். வெற்றிலை போட்டார். பிறகு, யாரும் பார்க்காதபோது, விரலை மெல்ல சுவிட்சை நோக்கி நகர்த்தினார்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

கலைச்செல்வி முன்னால் வந்தாள். அவர் விரல் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அய்யோ, இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டமோ சார்?"

அன்றிலிருந்து அழகியநம்பி யாரையும் நம்பவில்லை. கோலப்பனிடம் செவ்வாய்க்கிழமை ஒத்திகை என்றும், பிச்சைக்கனியிடம் வியாழக்கிழமை என்றும் பொய் சொல்லிப் பார்த்தார். செவ்வாயும் போயிற்று, வியாழனும் போயிற்று. மேல்மாடியில் ஒருத்தியும் அசையவில்லை. அதாவது இருவரும் யோக்கியர்கள். யோக்கியர்கள் கூடக்கூட அவருக்குச் சந்தேகமும் கூடியது. சுவரில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்தின் காது அவ்வளவு பெரிதாக இருப்பதுகூட அவரை உறுத்தியது. பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் கூடிப் பேசும் இடத்துக்குப் பக்கத்தில் சேலை கட்டிய பொம்மைகள் வரிசையாக நிற்கும். அழகியநம்பி ஒரு கசவுச் சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கடைசிப் பொம்மைக்குப் பக்கத்தில் போய் விறைப்பாக நின்றார்.

பேச்சு நன்றாகக் கேட்டது.

"சார் வெளியில காட்டிக்கிட மாட்டாரு. ஆனா நல்ல மனசு பிள்ளே," என்றது ஒரு குரல்.

"நாமளும் காட்டிக்கிடப்பிடாது," என்றாள் கலைச்செல்வி. "மேலிடத்துக்குத் தெரிஞ்சா சாருக்குத்தான் பாடு. யாரு கேட்டாலும் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லணும், கேட்டியளா?"

அழகியநம்பிக்கு வியர்த்தது. என்ன காட்டிக்கொள்ளக்கூடாது? தம்முடைய பெயரைச் சொல்லி என்ன நடக்கிறது? இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று காதைச் சாய்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் அம்மா வந்து, அவர் போர்த்தியிருந்த சேலையின் கரையைப் பிடித்து, விரலால் தேய்த்துப் பார்த்தார். புதுச் சேலையின் தூசி மூக்கில் ஏறியது.

பொம்மை தும்மியது.

"எண்டெ பகவானே! பொம்மைக்கு உயிரு வந்துட்டு!"

அந்தக் கடையின் சரித்திரத்தில் மேல்மாடி அவ்வளவு வேகமாகக் காலியானதில்லை. கீழ்மாடிகளும் சேர்ந்து காலியாயின. கசவுச் சேலையைக் கழற்ற மறந்து அழகியநம்பியும் பின்னாலேயே ஓடி வந்தார். அவரைப் பார்த்ததும் தெருவில் நின்ற கூட்டம் மறுபடி ஓடியது. யாரோ போன் செய்து, தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. வண்டியிலிருந்து பிரஜின் குதித்தார்.

"சாறே," என்று அவரை மேலும் கீழும் பார்த்தார். "இதாணோ உங்க ட்ரில்?"

அழகியநம்பி தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினார். மணிக்கு முன்பே இறங்கும் பெண்கள், மர்மச் சிரிப்பு, உள்ளே ஒரு துரோகி. பிரஜினின் முகம் இறுகியது.

"அப்படியெங்கில் விஷயம் சீரியஸ் அல்லே? நாளைக்குக் காலையில வர்றேன். அதுதான் கடைசி. முன்னாலேயே சொல்ற அந்த ஆளு யாருன்னு தெரியாம நான் கையெழுத்து போடமாட்டேன்."

அன்று இரவு அழகியநம்பி சாமி முன்னால் வெகுநேரம் நின்றார். ஒரு வாயின் தப்புக்காக இத்தனை வயிறு பட்டினி கிடக்க வேண்டுமா என்று கேட்டார்.

மறுநாள் காலையில் பிரஜின் அவரைக் கீழ்த்தளத்துக் கேபினில் தம் பக்கத்திலேயே உட்கார வைத்தார். செல்போனையும் வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"நான் அடிக்கிறதுவரை சார் இங்கேயே இருக்கணும்."

"இருக்கேன். ஒரே ஒரு இன்டர்காம் மட்டும் பேசிக்கிடட்டுமா? பிள்ளையார் படம் வெறுமையா இருக்கு. மாலை போடாம எதையும் தொடங்கினதில்லை."

பிரஜின் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். ஆனால் காதை ரிசீவருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் கோலப்பன் பேசினான்.

"கோலப்பா, ஜெபமலரைப் பூக்கடைக்குப் போய் ஒரு அறுகம்புல் மாலை வாங்கச் சொல்லு."

"ஜெபமலரா? அவ பெந்தெகொஸ்து சபைக்காரியாச்சே சார்! நான் போறேனே."

"பிள்ளையார் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. அவதான் போகணும். மெதுவா போகச் சொல்லு."

பேச்சில் தப்பாக ஒன்றும் இல்லை என்று பிரஜின் திருப்தியடைந்தார். கொஞ்ச நேரம் போகவிட்டு, சத்தமில்லாமல் எழுந்து மணியருகே போனார். விரலை நீட்டினார்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

பெண்கள் இறங்கினார்கள். நெருக்கித் தள்ளவில்லை, கத்தவில்லை. நடக்க முடியாத வாடிக்கையாளர் ஒருவரை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். கடைசியாக வந்த கலைச்செல்வி ஒவ்வொரு மூலையையும் பார்த்து, மின்விசிறிகளை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

பிரஜின் நீட்டிய விரலோடு அப்படியே நின்றார். "இவ்வளவு ஒழுங்கா ஆளுங்க இறங்கி நான் எங்கேயும் கண்டதில்லை. ஆனா மணியை நான் அடிக்கவே இல்லையே!"

அழகியநம்பி தலையில் கைவைத்தார்.

"சொன்ன ஆளு யாரு?" என்று பிரஜின் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "யாருன்னு தெரிஞ்சா இப்பவே கையெழுத்து போடறேன். மேல்மாடி நிக்கும். இல்லேங்கில் சீல்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் அழகியநம்பியைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியின் மேல் ஏறி நின்றார்.

"இத்தனை குடும்பத்தையும் தெருவுல நிறுத்தப் பார்த்த அந்த ஆளு யாரா இருந்தாலும் சரி, இனிமே அவங்களுக்கு இந்தக் கடையில இடம் கிடையாது! பிள்ளையார் மேல ஆணை!"

"அய்யோ, ஆணையெல்லாம் வேண்டாம் சார்," என்று கலைச்செல்வி பதறினாள். "விட்டிருங்க."

"விடமாட்டேன்! யாருன்னு இப்பவே தெரிஞ்சாகணும்!"

கலைச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையில் அறுகம்புல் மாலையோடு மெதுவாக வாசலேறி வந்த ஜெபமலர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

"ஆபீசர் சாறே, எங்க சாரை ஒண்ணும் செஞ்சுராதீங்க, வயித்துல பிள்ளையோட நான் படியில ஓடி விழுந்துரப்பிடாதேன்னுதான் ஒவ்வொரு தடவையும் மணிக்கு முன்னால எதையாவது வாங்கச் சொல்லி என்னைக் கீழ அனுப்புதாரு, மத்த நாள்ல எங்கேயும் அனுப்ப மாட்டாரு, அதைப் பார்த்துத்தான் இவங்க எல்லாரும் இறங்குதாங்க!"