ஓட்டையில்லாத பால்டின்

மலேசியாவின் கோலசிலாங்கூர் தொடங்கி தஞ்சோங் காராங் வரையிலான தோட்டங்களில், காலி டின் எதுவும் குப்பைமேட்டைச் சென்றடையாதபடி தடுத்து நின்ற தனிமனிதர், எங்கள் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. இயற்பெயர் சம்பள நாளில் மட்டும் வழங்கும். மற்ற நாள்களில் அவர் பால்டின்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே நான் பெரிய கிராணி. கல்லூரியில் முறையாகப் பயின்றவன். கழுத்துப்பட்டை அணியாமல் அலுவலகப் படியேறியதில்லை. அத்தகைய என்னைச் சுற்றிலும், ஜன்னல், அலமாரி, தட்டச்சுப்பொறியின் பக்கம் என எங்கும், பால்மாவு டின்களில் மணிபிளாண்டும் குரோட்டனும் வளர்த்தார் அவர். நீர் வடிய அடியில் ஒரு துளைகூடப் போடமாட்டார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்; அரிசி அளப்பதும் குளிக்க நீர் மொள்வதும் அங்கே டின்தான்.

"அடியில ஒரு ஓட்டை போடுங்க" என்று எத்தனையோ முறை சொன்னேன்.

"ஓட்டை போட்டா அது டின்னு இல்ல லா, பெரிய கிராணி. சல்லடை."

போதாக்குறைக்கு, கெட்டிப்பால் கலந்த மிச்சத் தேநீர் முழுவதும் செடிகளுக்கே. "நாம குடிக்கிறத அதுங்க பாத்துக்கிட்டே நிக்குமா?" என்பார்.

சேறும் சர்க்கரையுமாய் ஊறிய மண்ணிலிருந்து எள்ளளவு கறுப்பு ஈக்கள் கூட்டங்கூட்டமாய்க் கிளம்பின. அளந்து பேசுபவன் என்ற நற்பெயர் எனக்கு அந்நாள்களில்தான் வாய்த்தது. வாய் திறந்தால் ஈ நுழைந்துவிடும்.

தலைமையகத்திலிருந்து பார்வையிட வந்த பெரிய துரையின் தேநீரிலும் ஓர் ஈ விழுந்தது. அவர் போன பின், தோட்டத்தை நிர்வகிக்கும் துரை என்னை அழைத்தார். அடுத்த வருகையில் ஓர் ஈ தென்பட்டாலும் செடிகள் சாக்கடைக்குப் போகும். பெரிய கிராணிக்கு அலுவலகம் நடத்தத் தெரியவில்லை என்று தலைமையகத்துக்குக் கடிதமும் போகும் என்றார்.

நான் வந்து சொன்னதைக் கேட்ட பால்டின் முதலில் சாம்பிராணி போட்டார். ஈக்கள் அமர்ந்திருக்க, நாங்கள் வெளியேறினோம். தீப்பற்றியதென்று எண்ணிய லோரி ஓட்டுநர் மணல் வாளியுடன் பாய்ந்து வந்து என் மேசைமீது கவிழ்த்தார்.

பிறகு மீன்பிடிக் கிராமமான பாசிர் பெனம்பாங்கில் படகுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்டை வாங்கிவந்து, துருப்பிடித்த டின் மூடிகளுக்குப் பூசினார். ஈரம் காய்வதற்குள் ஈக்கள் போய் ஒட்டிக்கொண்டன.

"மஞ்சளப் பாத்தா இதுங்களுக்குக் கல்யாண வீடுன்னு நெனப்பு லா."

அன்றுமுதல் மஞ்சள் மூடிகளில் பலாப்பிசின் தடவி மூலைக்கு மூலை வைத்தார். அவற்றுள் ஒன்று என் கழுத்துப்பட்டையைப் பற்றிக்கொண்டு துரையின் அறைவரை வந்தது. அதை நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

ஒட்டியவை ஒட்டினாலும், ஈர மண்ணிலிருந்து புதியவை பிறந்தபடியே இருந்தன. பெரிய துரை வருவதற்குச் சில வாரங்கள் இருக்கையில், ஒருநாள் காலை அலுவலகப் பின்கட்டில் சுத்தியல் ஓசை கேட்டது. போய்ப் பார்த்தேன். பால்டின் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு, டின்களின் அடியில் ஆணியால் துளையிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது? சல்லடைன்னு சொன்னீங்களே?"

"உங்க பேரு ஒழுக ஆரம்பிச்சா, அத எந்த டின்னுல புடிச்சு வைக்கிறது?" என்றார், திரும்பாமலே.

தேநீர் ஊட்டலும் நின்றது. மண் காய்ந்தது, ஈக்களும் குறைந்தன.

பெரிய துரை வந்து அமர்ந்தார். தேநீர் வந்தது. எங்கிருந்தோ கடைசி ஈ ஒன்று எழுந்து கோப்பையை வட்டமிட்டது. தோட்டத்துத் துரை என்னைப் பார்த்தார். நான் பால்டினைப் பார்த்தேன். அவரோ பந்தியில் இலையை நகர்த்துபவர்போல் மஞ்சள் மூடியை மெல்லக் கோப்பையருகே தள்ளினார். ஈ சற்று யோசித்தது. பிறகு மூடியில் அமர்ந்தது, அமர்ந்தது அமர்ந்ததுதான்.

பெரிய துரை கோப்பையைக் காலிசெய்து, தோட்டத் தமிழில் சொன்னார்: "டீ நல்லா இருக்கு. செடியும் நல்லா இருக்கு."

பல மாதங்களுக்குப் பின் நான் வாயைத் திறந்து மூச்சுவிட்டேன்.

நான் ஓய்வுபெற்ற நாளில், மாலைகளுக்கெல்லாம் பிறகு, பால்டின் ஒரு டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார். துலக்கித் துடைத்தது. "இது மட்டும் ஓட்டையில்லாதது, பெரிய கிராணி. எடுத்து வச்சிருந்தேன்."

வரவேற்பறையில் வெள்ளிக் கோப்பைகளுக்கு நடுவே அது இருக்கிறது. வீட்டார் அதில் செடி வைக்கலாமா என்று அவ்வப்போது கேட்கிறார்கள். ஈ வரும் என்று சொல்லிவிடுகிறேன்.