லடாக்கண்ணன் போட்ட வெள்ளைத் துணி

சிவகங்கைச் சீமையை ஆண்டவர்கள் யாரென்று கேட்டால் லடாக்கண்ணன் தலையைச் சொறிவார். லடாக்கை ஆண்ட ராஜாக்களைக் கேளுங்கள், அப்பன், பாட்டன், பூட்டன் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். காரைக்குடியில் அப்படி ஒரு மனிதர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பட்டாளத்தில் லாரி ஓட்டி, பனிமலையில் சில வருஷம் கிடந்துவிட்டு, அறுபதுகளின் கடைசியில் எங்கள் ஆபீஸ் ஜீப்புக்கு டிரைவராக வந்தார். கீழச்சிவல்பட்டிப் பக்கம் போனால் பர்மாத் தேக்கில் இழைத்த ஒரு செட்டிநாட்டுப் பெரிய வீட்டைக்கூட மதிக்கமாட்டார்.

"இதெல்லாம் ஒரு வீடா? லே ஊர்ல எங்க ராஜா மலை மேல ஒம்பது மாடி அரமனை கட்டியிருக்காக. அம்புட்டும் மண்ணும் கல்லும். தேக்கு கீக்குன்னு பர்மாவுக்கு ஓடலை."

"அந்த ராஜா இப்ப எங்குட்டுண்ணே இருக்காக?"

"சண்டையில ராச்சியம் போச்சு. ஆத்துக்கு அங்குட்டு ஒரு வீட்டுல போயி உக்காந்துட்டாக, பாவம்." சொந்தச் சித்தப்பா நொடித்துப்போன மாதிரி குரல் கம்மிவிடும்.

ராஜா முடிந்தால் லாமா. லாமா முடிந்தால் டோல்மா. லே கடைத்தெருவில் முள்ளங்கி விற்ற பெண் அவள். ராஜாக்கள் கதையில் அவளுக்கென்ன வேலை என்று கேட்டுவிட்டால் போச்சு. "அவ இல்லாம என்னய்யா லடாக்கு?" என்று எரிந்து விழுவார். சித்திரை மத்தியானத்தில், ஜீப் பானெட்டில் தோசை சுடலாம் போல வெயில் கொளுத்தும்போது, வடக்கே பார்த்துக்கொண்டு நிற்பார். ஏங்கிப்போயிருந்தார் மனிதர். பார்க்க எங்களுக்கே சங்கடமாக இருக்கும்.

வயது போய்க்கொண்டே இருந்தது, கல்யாணம் ஆகவில்லை. ஒருவழியாக அமராவதிபுதூரில் ஒரு வரன் வந்தது. இதையும் விட்டால் வேறு வரன் வராது என்று அவருக்கே தெரியும். பெண் பார்க்கத் துணைக்கு என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். பெண்ணுக்குப் பிடித்துவிட்டது, கதவிடுக்கில் சிரித்தாள். அவள் அப்பா வெற்றிலைத் தட்டை நீட்டினார். நம்மாள் எழுந்தார். இடுப்பிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தார். பெரியவர் கழுத்தில் மாலை மாதிரி போட்டு, குனிந்து கும்பிட்டார்.

"அடப் பாவி! உசுரோட இருக்க மனுசனுக்குக் கோடி போடுறானே!"

பெண்ணின் அம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. வெள்ளைத் துணியை மேலே போட்டால் சாவு வீட்டுக் கோடியைத் தவிர நம் ஊரில் வேறென்ன நினைப்பார்கள்? பெரியவர் அதை உருவி வாசலில் எறிந்தார்.

"லடாக்குல பெரியவுகளுக்கு இதாங்க மரியாதை..." என்று இவர் கெஞ்சினார்.

"அப்ப அங்குட்டே போயிப் பொண்ணு பாருய்யா!" பெரியவர் கதவைப் படாரென்று சாத்தினார்.

திரும்பும் வழியில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீக! ஒரு பட்டுத் துண்டு போட்டிருக்கப்படாதா?"

அவர் ஜீப்பை ஓரமாக நிறுத்தினார். வாசலில் பொறுக்கி வந்த துணியிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"நான் பொறப்பட்ட அன்னைக்கு, லாரி வரைக்கும் வந்து டோல்மா என் கழுத்துல போட்டுவிட்டதுய்யா இது. இம்புட்டு வருசம் யாரையும் தொட விடல. சரி, இனிமே இதான் நம்ம ஊரு, இவுகதான் நம்ம சனம்னு மனசத் தேத்திக்கிட்டு, எங்கிட்ட இருக்கதுலயே பெரிசைக் கொடுத்தேன்."

"டோல்மா எப்படிண்ணே இருப்பாக?" என்றேன். அதுவரை நாங்கள் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது.

முகம் மலர்ந்துவிட்டது. சொல்ல ஆரம்பித்தார். நேர் ரோட்டில் போனால் காரைக்குடி பக்கம்தான்.

"சுத்திக்கிட்டே போங்கண்ணே" என்றேன்.