பார்லிமெண்டுக்கு அம்மனை அனுப்பியவர்

நீலகிரி மலையில், எமரால்டு என்ற ஊரில் கோசு மூட்டை சுமக்கும் வேலையை உதறிவிட்டுப் பிக்கட்டிப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோதுதான் அவர் எதிரே வந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். மாரியம்மனை டில்லிப் பார்லிமெண்ட் வரைக்கும் பேச அனுப்பிய இன்னொரு மனிதரை நான் பார்க்கவில்லை. இனிப் பார்ப்பேன் என்றும் தோன்றவில்லை.

சிலோனில் ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரை போட்டுக் கழித்த கறுப்புக் கோட்டு, அதற்குக் கீழே மஞ்சள் வேட்டி, கையில் வேப்பங்குலை. என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். காலில் கோணி கிழித்துக் கட்டியிருந்தேன்.

"புண்ணா?"

"ஆமாங்க."

"என்ன வச்சுக் கட்டின?"

"சாணிங்க."

பளார் என்று ஓர் அறை. எங்கள் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. அறைந்த கையாலேயே என் மூட்டையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மூட்டைக்குள் என் மாற்றுச் சட்டை இருந்ததால் நானும் பின்னால் போகவேண்டியதாயிற்று.

ரோட்டிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கினால் அவர்களுடைய லயம். சிலோன் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களை ஒரே நீளமான கட்டடத்தில், குடும்பத்துக்கு ஓர் அறை என்று வைத்திருந்தார்கள். கோடியில் தகரக் கூரை போட்ட மாரியம்மன் கோயில். அதற்குப் பூசாரி இவர். வெந்நீரில் என் காலைக் கழுவி, வெள்ளைத் துணி கட்டி, கோயில் விறகுக் கொட்டகையில் படுக்கச் சொன்னார். நான் எந்த ஊரிலும் இரண்டு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. விறகு வெட்டிக் கொடுத்தால் சோறு என்றார்கள். சரி, கால் ஆறும்வரை என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு அருள் வரும். சுற்றுப்பட்டுத் தோட்டங்களிலிருந்தெல்லாம் குறி கேட்க வருவார்கள். அம்மன் என்ன சொல்வாள் என்பது மலைக்கே தெரியும். ஆனாலும் வருவார்கள்.

"தாயே, கோவிச்சுட்டுப் போன மவன் திரும்பி வருவானா?"

"வருவான். தண்ணியக் காய்ச்சி வையி."

"தாயே, மாடு காணாமப் போச்சு."

"கெடைக்கும். நீ தண்ணியக் காய்ச்சுறியா இல்லையா?"

தீட்டு, செய்வினை என்று யாராவது ஆரம்பித்தால் அம்மனுக்குக் கெட்ட கோபம் வரும். வேப்பங்குலையால் நாலு சாத்து சாத்தி, "குழி தோண்டி அங்க போடா! ஓடையில ஒக்காராத!" என்பாள். காணிக்கையாகப் பூமாலை வேண்டாம், புண்ணில் ஊற்றினால் நுரைக்கும் மருந்தும் டிஞ்சரும் வேண்டும் என்று கேட்ட அம்மன் வேறெங்கும் இருந்திருக்கமாட்டாள்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. லயத்தின் மறுகோடியில் மருந்தறை என்று ஒன்று உண்டு. கதவில் சிவப்புச் சிலுவை. சிலுவைக்குக் கீழே பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். டாக்டர் வேண்டுமென்றால் ஊட்டிக்குத்தான் போகவேண்டும். காய்ச்சல்காரனைக் கம்பளியில் போட்டு, கம்பளியை ஒரு மூங்கிலில் கட்டி, ரோடு வரைக்கும் தூக்க வேண்டும். அப்புறம் பஸ்ஸோ தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரியோ வரும்வரை மழையில் நிற்க வேண்டும். பூசாரியின் மனைவி அப்படி நின்ற இடத்தில்தான் போய்ச் சேர்ந்தாள்.

"சிலோன்ல எங்களுக்கு வோட்டு இல்ல, மருந்துக்காரரு இருந்தாரு. இங்க வோட்டு இருக்கு," என்று நிறுத்திக்கொள்வார். மீதியைப் பூட்டைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

அவருக்கு ஒரே மகள், சிவகாமி. கப்பலேறும்போதே வயிற்றில் பிள்ளை. புருஷனுக்குப் பாஸ்போர்ட் வராததால் அவன் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டான். அம்மா செத்த பாதையில் தன்னையும் தூக்கிப் போவார்களோ என்று அந்தப் பெண்ணுக்குத் தினமும் பயம். அப்பாவுக்கு அதைவிடப் பயம். அவருக்குப் பயம் வந்தால் அம்மன் சத்தம் போடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு மடத்துச் சாமியார் வந்தார். மலைக்குக் கீழே சமவெளியில் பெரிய மடம். காவி வேட்டியோடு டில்லியில் எம்.பி.யாகவும் இருந்தார். கார் கீழே இறங்காது என்பதால் நடந்தே இறங்கினார். வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. சனம் வரிசையாகக் காலில் விழ, அவரும் பழகிய கையோடு விபூதி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது உடுக்கை அதிர்ந்தது. பூசாரி கோட்டைக் கழற்றி வீசினார்.

"டேய் காவி! இப்பதான் வர வழி தெரிஞ்சுதா?"

அம்மன் இறங்கிவிட்டால் மடாதிபதியானாலும் கை கட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். கூட வந்த சீடர்களே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமியாரும் கைகூப்பினார்.

"சொல்லுங்க தாயே."

"எங்க ஒக்காந்து பேசுற நீ?"

"டில்லியிலே, பார்லிமெண்ட்லே தாயே."

"இங்க எறங்கி வந்ததுக்கே ஒனக்கு மூச்சு வாங்குது. எம் புள்ளைங்கள நோவோட மேல தூக்கிட்டுப் போறாங்க. பாதி வழியில சாவுதுங்க. அத அங்க பேசுனியா?"

"இல்லை தாயே."

"பேசுவியா?"

"பேசறேன் தாயே."

"அடி கற்பூரத்த!"

தட்டில் எரிந்த கற்பூரத்தைச் சாமியார் உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். கை சுட்டிருக்கும். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. போகும்போது சிவகாமியின் தலையில் கை வைத்து, "பயப்படாதே அம்மா," என்றார். நல்ல மனிதர்தான்.

சத்தியத்தையும் காப்பாற்றினார். சில வாரம் கழித்துப் பிக்கட்டி டீக்கடைக்காரர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க பூசாரி, உங்க அம்மன் பேப்பர்ல வந்துட்டாளுங்க! மலையில டாக்டர் இல்லாம சனம் சாகுதுன்னு சாமி பேசியிருக்காருங்க. ஒரு அம்மனே எங்கிட்ட கேட்டா, நான் என்ன பதில் சொல்றதுன்னு கேட்டாராமுங்க. பக்கத்துல சிரிப்புன்னு போட்டிருக்குதுங்க."

"யாரு சிரிச்சா?"

"சபைதானுங்க."

பூசாரி யோசித்தார். "அம்மன் பேரக் கேட்டதும் சந்தோசம் வந்திருக்கும்," என்றார். "மந்திரி என்ன சொன்னாராம்?"

"பரிசீலனை பண்றோம்னாருங்களாம்."

அவ்வளவுதான். பூசாரி பள்ளத்தில் ஓடினார் என்று சொல்லமுடியாது, உருண்டார். லயமே கோயிலுக்கு முன்னால் பொங்கல் வைத்தது.

அவர் எங்கே தப்பு செய்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. சிலோன் தோட்டத்தில் காலையில் ஆள் பிரிக்கும் இடத்துக்குப் பெரட்டு என்று பெயர். அங்கே எல்லோர் முன்னாலும் துரை ஒன்றைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது நடந்திருக்கும். கூரை ஒழுகுகிறது என்று பெரட்டில் பேச்சு வந்தால் மத்தியானம் தகரம் வந்துவிடும். பிறந்தது முதல் அதைப் பார்த்தவர்களுக்குப் பார்லிமெண்ட் என்பது பெரிய பெரட்டு. அங்கே சொல்லியாயிற்று. இனி டாக்டர் வருவது ஒன்றுதான் பாக்கி.

பூட்டை உடைத்து மருந்தறைக்கு வெள்ளையடித்தார்கள். பெஞ்சு போட்டார்கள். பூசாரி தினமும் கையில் மாலையோடு ரோட்டில் நின்றார். ஒருநாள் நிஜமாகவே ஒரு ஜீப் வந்தது. இறங்கியவர் கழுத்தில் மாலை விழுந்தது. குலவைச் சத்தம் அடங்கிய பிறகு பூசாரி கேட்டார்.

"டாக்டர்தானுங்களே ஐயா?"

"ஒரு வகையிலே ஆமா. உருளைக்கிழங்குக்கு."

கிழங்கில் பூச்சி விழுந்திருப்பதைப் பார்க்க வந்த விவசாய இலாகாக்காரர். மாலையைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டு, அதோடே தோட்டத்துக்குள் போனார். எல்லோரும் சிரித்தார்கள். பூசாரி மட்டும், "கெழங்குக்கே ஜீப் வருதுன்னா மனுசனுக்கு வராமலா போயிரும்?" என்றார்.

சிவகாமிக்கு மாதம் நெருங்கியது. கப்பலில் கூட வந்த ஒரு குடும்பம் ஊட்டியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே குடியிருந்தது. பெண்ணை அனுப்பி வை என்று ஆள் மேல் ஆள் விட்டார்கள். நானும் சொன்னேன்.

"அனுப்பிச்சுருங்க பூசாரி. டாக்டர் வரும்போது வரட்டும்."

"நீ ஓடுகாலி. ஒனக்கு எல்லா எடத்துலயும் ஓடத்தான் தோணும்."

"அப்பா, நான் போயிட்டு வந்துர்றேனே," என்றாள் சிவகாமி.

"நீயே போயிட்டா, வர்ற டாக்டரு யாரம்மா பாப்பாரு?"

அந்தப் பெண் சிரிக்க முயன்றாள்.

வலி கண்டது ஒரு காலை நேரம். கையெட்டும் தூரம்கூடத் தெரியாத மூடுபனி. வெள்ளையடித்த அறையில் பெஞ்சு காலியாக இருந்தது. லயத்துப் பெண்கள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, தூக்குங்க என்றார்கள். கம்பளியில் சிவகாமி. மூங்கிலின் முன்பக்கம் நான், பின்பக்கம் பூசாரி. வழியில் நாலைந்து பேர் மாற்றிக்கொள்ள வந்தார்கள். முன்பக்கம் ஆள் மாறியது. பின்பக்கம் அவர் விடவில்லை. ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்கம்பின் மேல்தான் விழும். மேலே ரோட்டில் இறக்கி வைத்தபோது அவர் தோளில் தோல் இல்லை.

கொழுந்து லாரி கிடைத்தது. ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது சிவகாமிக்கு உயிர் இருந்தது. பிள்ளைக்கு இல்லை. ஆண் பிள்ளை.

சிவகாமியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தேயிலைக்கு நடுவே புதைத்தோம். பூசாரி வேட்டியில் மண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரோ சாமியாரைத் திட்டினார்கள்.

"அவர ஏன் ஏசுறீங்க?" என்றார். "பேசுறேன்னு கற்பூரம் அடிச்சாரு, பேசிட்டாரு. நாந்தான் கேக்கத் தெரியாமக் கேட்டுட்டேன். பேசுன்னு கேட்டேன். செய்யின்னு கேக்கல."

அப்புறம் என்னைப் பார்த்தார். "கால் ஆறிருச்சுல்ல? எப்பப் போற?"

"நாளைக்குங்க."

"போ. போறதுக்கு முன்னால நல்லதா ரெண்டு மூங்கில் வெட்டிக் குடுத்துட்டுப் போ. கம்பளி சரிப்படாது. நடுவுல பலகை வச்சுக் கட்டணும்."

மறுநாள் காலை இரண்டு மூங்கிலும் பலகையும் கட்டி முடித்தபோது, மூன்றாவது அறைக் கிழவருக்கு மூச்சு முட்டியது. பலகையில் படுக்க வைத்தார்கள். பூசாரி துண்டை மடித்துப் புண்ணான தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனார். நான் என் மூட்டையை விறகுக் கொட்டகைக்குள் எறிந்துவிட்டு அவரை முந்திக்கொண்டு போய்ப் பின்கம்பைப் பிடிக்கக் குனிந்தேன்.

"முன்னால போங்க பூசாரி. பின்கம்பு என் வேலை."