மேற்குத் தெரு வழியாக வந்த பேச்சு

தாராபுரத்தில் இருக்கும் அன்புள்ள மாப்பிள்ளை நாச்சிமுத்துவுக்கு, சிங்காநல்லூர் மச்சான் அங்கப்பன் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காளும் நலம். அங்கே நீங்களும் உங்கள் தொண்டையும் நலமாக இருக்க வேண்டும். தொண்டையைப் பற்றி எழுத, நான் சொல்லச் சொல்ல எழுதும் பக்கத்து வீட்டு ஜன்னத் அம்மா தயங்குகிறார். நான்தான் எழுதச் சொன்னேன்.

கொரோனா ஊசிக் காலம் முடிந்து, எங்கள் தெருவைச் சாக்கடைக்கு ஒருமுறை, குடிநீருக்கு ஒருமுறை தோண்டி, அந்தக் குழியில் பால்காரர் வண்டியோடு விழுந்தாரே, அந்த வருஷம் ஆடியில்தான் உங்கள் அக்காள் மாரியாத்தாளுக்குப் பக்கவாதம் வந்தது. கைகால் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. என்னைப் பார்த்தால் கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து திட்டு வாங்கிய வீட்டில் சத்தமே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பேச்சு போனாலும் பழைய பாட்டு மூளைல தங்கியிருக்குமுங்க ஐயா. சின்ன வயசுல கேட்டதப் போட்டுப் பாருங்க" என்றார் டாக்டர் நிலோஃபர். மருமகள் கயல்விழி போனில் சினிமாப் பாட்டுப் போட்டாள். உங்கள் அக்காள் தூங்கிவிட்டாள். நாதஸ்வரம் போட்டோம், கல்யாணப் பந்தி என்று நினைத்து இலையைத் தேடினாள். சாமிப் பாட்டுப் போட்டோம், நடுவில் தண்ணி மோட்டார் விளம்பரம் வந்தது, அதற்குத் தலையாட்டினாள், சரியென்று ஒரு வாரம் அந்த விளம்பரத்தையே போட்டோம், எங்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம் ஆனதுதான் மிச்சம்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். கால்கூடக் கழுவாமல் கட்டிலருகே நின்று, கல்யாணத்துக்கு முன் உங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் அவள் ஆடிய கும்மிப் பாட்டை எடுத்துவிட்டீர்கள். வாசலில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. "கொடுமுடித் தீர்த்தம் கொண்டுவாராங்க, கெழக்குத் தெரு வழியா..." என்று நீங்கள் இழுத்தபோது மாரியாத்தாள் எழுந்து உட்கார்ந்தாள்.

"மேக்குத் தெருடா, கூறுகெட்டவனே!"

நான் ஓடிப் போய், "அம்மணி, என்னயத் தெரியுதா?" என்றேன்.

"தெரியாம என்னுங்க? பாடத் தெரியாதவன ஊட்டுக்குள்ள உட்டுப்போட்டு வேடிக்கையா பாக்கறீங்க?"

அன்றைக்குத் திறந்த வாய் இன்னும் மூடவில்லை. ரசத்தில் உப்பு இல்லை, என் சட்டையில் பொத்தான் இல்லை, எனக்கு மூளையே இல்லை. இத்தனை திட்டும் உங்களால் கிடைத்தது, மாப்பிள்ளை. நீங்கள் தப்பாகப் பாடிய அந்த ஒரு வரிக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். மாதம் ஒருமுறை வந்து அதே தப்பைப் பாடிவிட்டுப் போங்கள். கறிச்சோறு என் பொறுப்பு. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் தொண்டைக்கு மாரியாத்தா துணை இருப்பாள்.

இப்படிக்கு,
அங்கப்பன் (கைநாட்டு)

பின்குறிப்பு: எல்லாம் ஞாபகம் வைத்திருக்கும் எனக்கு அந்த வரி மட்டும் தெரியாது. நோம்பியன்று நான் பாட்டைக் கேட்கவில்லை, ஆடியவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அவளோடு கூட ஆடிய ரங்காத்தாளை நேற்றுப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "கெழக்குத் தெருதானுங்க. மேக்கால அப்பத் தெரு ஏதுங்க? வெறுங் கள்ளிக்காடு" என்கிறாள். ஆக, நீங்கள் பாடியதுதான் சரி. உங்கள் அக்காளிடம் மூச்சு விடாதீர்கள். சரியாகவே பாடுங்கள், அவள் தப்பென்றே திட்டட்டும். அந்தக் கும்மியில் முன்னால் நின்று பாடிய பொன்னி போய்விட்டாள், குலவை போட்ட தங்காளும் போய்விட்டாள். நம்மைக் காட்டிக்கொடுக்க உயிரோடு இருப்பது கொடுமுடியில் வாக்கப்பட்ட ரங்காத்தாள் ஒருத்திதான்.