படிக்காமல் விட்ட மூன்று வரிகள்

நான் வாயில்லாப் பூச்சி என்று எங்கள் பேட்டையான தாகேதாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயில்லாப் பூச்சி தன் வாழ்நாளில் இரண்டு மோசடிகள் செய்திருக்கிறது. ஒரு தடவை எழுதியிருந்ததைப் படிக்காமல் விட்டேன். இன்னொரு தடவை எழுதாததைப் படித்தேன். இரண்டாவதில் மாட்டிக்கொண்டபோது, ஐம்பது வருஷமாக மூடி வைத்திருந்த முதலாவதும் கூடவே வெளியே வந்துவிட்டது.

நான் படித்தது நாலாவது வரைதான். ஆனால் தமிழ்ப் பள்ளிக்கூடத்து நாலாவது. அதனால் கோயில் மண்டபத்தில் எனக்கு 'சயாமா' என்று பர்மிய மொழியில் வாத்தியாரம்மா பட்டம். எங்கள் பெண்கள் தமிழ் பேசுவார்கள், சொன்னால் புரிந்துகொள்வார்கள். எழுத்தைக் காட்டினால் மட்டும் கோலத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்து சாப்பாடு தயாராகும்வரை நான் அவர்களுக்கு உரக்கக் கதை படிக்க வேண்டும். (புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டால் ஒருத்தர் முகத்தையும் பார்க்க வேண்டாம். கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா?)

மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாவல் கைக்கு வந்தது. முன்னட்டை இல்லை, அதனால் பேரும் தெரியாது. மங்கை என்று ஒருத்தி. சின்ன வயதில் கைநழுவ விட்டவனை நினைத்து நினைத்து ஏங்கி, தலை நரைத்த பிறகு அவனைத் தேடி ரயிலேறுகிறாள். நாலு மாதம் படித்தேன். மண்டபமே மங்கைக்காகச் சாமி கும்பிட்டது. அவள் ரயிலைவிட்டு இறங்கிய இடத்தில் நான் நிறுத்திவிட்டேன் என்று, மொகிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் மா சான் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

முடிவு படிக்கிற ஞாயிறன்று நகரத்தின் மறுகோடி அலோனிலிருந்துகூட ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்வரிசையில் செல்லம்மா அக்கா, கைக்குட்டையை மடித்துத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். (சொந்த அக்கா இல்லை. பிறந்ததிலிருந்து பக்கத்து வீடு. புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது.)

"மங்கை கதவைத் தட்டினாள். உள்ளே காலடிச் சத்தம் கேட்டது" என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கம் இல்லை. கறையான் தின்றது போக நாலு தாளின் ஓரமும் தையல் நூலும்தான் மிச்சம்.

பக்கம் இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் அத்தனை கண்களையும் நிமிர்ந்து பார்த்தல்லவா சொல்ல வேண்டும்? அதற்குப் பயந்துபோய், தலையைப் புத்தகத்துக்குள் இன்னும் ஆழமாக நுழைத்துக்கொண்டு, தொடர்ந்து படித்தேன். (இல்லாத பக்கத்தை.)

கதவு திறந்தது என்றேன். அவன் நின்றான் என்றேன். 'அன்றைக்கு ஏன் வரவில்லை?' என்று கேட்டான் என்றேன். அதுவரைக்கும் ஓடிவிட்டது. மங்கை பதில் சொல்ல வேண்டுமே. எனக்குக் கதை கட்டத் தெரியாது. தெரிந்த கதை ஒன்றே ஒன்று. அதை எடுத்து விட்டேன்.

"உன் கடிதத்தை என் தோழிதான் படித்துக் காட்டினாள். மழை விடவில்லை, மீன் நன்றாகக் கிடைக்கிறது என்று படித்தாள். சனிக்கிழமை படகுத்துறையில் நிற்பேன் என்று நீ எழுதியதை விழுங்கிவிட்டாள்."

மண்டபம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். அவ்வளவுதான், எனக்கு வெறி ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் கை தூக்காதவள், மங்கையாக ஒரு தரம் அழுதேன், அவனாக ஒரு தரம் அழுதேன். அந்தத் தோழியையும் விடவில்லை. "பாவி, அவள் உருப்படுவாளா?" என்று நானே என்னைச் சபித்தேன். "நல்லா கேட்டா" என்று பின்வரிசை சொன்னது.

"நிறுத்து புஷ்பம்" என்றாள் செல்லம்மா அக்கா. "அந்தப் பக்கத்தக் காட்டு."

"ஒனக்குத்தான் எழுத்து தெரியாதேக்கா."

"எழுத்து தெரியாது. இருக்கா இல்லையான்னு தெரியும். காட்டு."

மா சான் எட்டிப் பார்த்தாள். "ஐய, வெறும் நூலுதான் தொங்குது."

"மழ விடல, மீன் நல்லா கெடைக்குதுன்னு எழுதுன கடுதாசி ஒலகத்துலயே ஒண்ணுதான்" என்றாள் அக்கா. "அது எம் பொட்டியில கெடக்கு."

எழுந்து வீட்டுக்குப் போனாள். சாப்பாடு ஆறியது; ஒருத்திகூட அசையவில்லை. அந்த நேரத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். எங்கள் தெரு ரத்தினம் ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினுக்கு வேலைக்குப் போய், அங்கிருந்து அக்காவுக்கு எழுதிய கடிதம் அது. எனக்கு அப்போது பத்தொன்பது. அக்காவின் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, கடைசி மூன்று வரியும் என் தொண்டையில் சிக்கிக்கொண்டன. தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். தனியாக இருந்தபோதும் வெட்கம் வாயைக் கட்டியது. சனிக்கிழமை போய்விட்டது. அவரும் அப்புறம் எழுதவில்லை. மறுவருஷம் அக்காவுக்கு வேறு இடத்தில் கல்யாணம்.

அக்கா திரும்பி வந்து, மடிப்பெல்லாம் கிழிந்த தாளை என் மடியில் போட்டாள். "இப்பப் படி. ஒரு வரி விடாம."

படித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் படகுத்துறையில் நிற்பேன். அம்மாவிடம் சொல்லாமல் வா. உன்னைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. (எழுபதை நெருங்கியும் 'சோறு' என்ற இடத்தில் தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டுதான் படித்தேன்.)

அக்கா தாளை வாங்கி மடித்துக்கொண்டே கேட்டாள். "ஆளு இருக்காரா?"

"ஊ ரத்தினமா? தன்லியின் சந்தகிட்ட டீக்கட வச்சிருக்காரு. பொஞ்சாதி போயி நாளாச்சு" என்றாள் மா சான். (வயதான ஆண்களின் பேருக்கு முன்னால் மரியாதைக்கு 'ஊ' போடுவது இங்கே வழக்கம்.)

மறுநாள் காலையில் பஸ். அந்தக் காலத்தில் படகில் கடந்த ஆற்றைப் பாலத்தின் மேல் கடந்தோம். முகத்தில் புதிதாகத் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்த அக்கா, வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். கடை வாசலில்தான் என் பக்கம் திரும்பினாள். "விட்டவ நீ. நீயே சொல்லு."

முன்பின் பேசாத ஆண்பிள்ளையிடம், டீ குடிக்கிற கூட்டத்துக்கு நடுவில், மூன்று வரியையும் மனப்பாடமாக ஒப்பித்தேன். அவர் டீச்சட்டியைக் கீழே வைத்தார்.

"சனிக்கெழமையா" என்றார். "அன்னைக்கு ஒரே பேய் மழ. இந்த மழையில எந்தப் பொண்ணு படகேறும்னு நான் போகவே இல்ல செல்லம். அப்பறம், நீ வந்து நனஞ்சிட்டுப் போயிருப்பியோன்னு ஒரு பயம். அந்த வெக்கத்துலதான் மறு கடுதாசி எழுதல."

அக்கா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அப்ப ரெண்டு பேருமே போகல" என்று சொல்லி, தனக்காவில் கண்ணீர் கோடு போடும்வரை சிரித்தாள். ஐம்பது வருஷமாக அந்தத் துறையில் மழையில் நனைந்துகொண்டு நின்றது நான் ஒருத்திதான்.

இப்போது ஞாயிறுதோறும் கதை கேட்க அவர் பஸ் ஏறி வருகிறார். மழையைச் சாக்குச் சொல்லும் உரிமை மட்டும் அவருக்குக் கிடையாது. கல்யாணம் கில்யாணம் ஒன்றுமில்லை. அக்கா ஒரு டம்ளர் டீ கொடுக்கிறாள். டீக்கடைக்காரர் அதைக் குறை சொல்லிக்கொண்டே குடிக்கிறார்.

எனக்கு மட்டும் தண்டனை தீரவில்லை. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அக்கா முதலில் கடைசிப் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தருவாள். போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையைப் படித்துக் காட்டி மடித்தேன்.

"அவ்வளவுதானா?"

"கீழ அச்சாபீஸ் பேரு மட்டும் இருக்குக்கா."

"அதையும் படி."