மதர்போர்டிலும் ஒரு பேட்டரி இருந்தது

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் வீடும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் குழந்தைகளும் அப்படியே இருக்க வேண்டும். பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லலாம் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். என் மகள் காதில் விழுந்தால் அடுத்த நிமிடம் அவள் அம்மா காதுக்குப் போய்விடும். நிற்க.

உங்கள் அத்தை தன் தங்கை வீட்டுக்குப் போய் மூன்று நாளாகிறது. வீட்டில் யார் ஊருக்குப் போனாலும் நான் பேட்டரிகளைக் கழற்றி வைப்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். சும்மா கிடக்கும் பேட்டரி கசிந்து கருவியையே தின்றுவிடுவதைக் கண்ணால் பார்த்தவன். டார்ச், ரிமோட், சுவர்க் கடிகாரம் எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, தனித்தனிப் பொட்டலமாக மடித்து, எதிலிருந்து எடுத்தது என்று மேலே எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். நீங்கள் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கொடுத்த கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டினால், மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி பளபளக்கிறது. கரண்டில் ஓடுவதற்கு எதற்கு பேட்டரி என்று அதையும் நெம்பி எடுத்துப் பொட்டலம் கட்டினேன்.

இன்று காலை போட்டுப் பார்ப்போமே என்று சுவிட்சைத் தட்டினேன். செட்டிங் எல்லாம் அழிந்துவிட்டது, எஃப் ஒன்னை அழுத்து என்று கறுப்புத் திரையில் வந்தது. அழுத்தினேன். பெட்டியின் அடிப்படை செட்டிங் எல்லாம் இருக்கும் பயாஸ் என்று ஒரு பக்கம் திறந்தது. முதல் வரியைப் பார்த்தேன். தேதி பன்னிரண்டு வருஷம் பின்னால் போயிருந்தது. அந்தத் தேதிப்படி உங்களுக்கும் என் மகளுக்கும் இன்னும் கல்யாணமே ஆகவில்லை. நான் உங்களுக்கு யாரோ. பதறிப்போய் பேட்டரியைத் திரும்ப மாட்டி, தேதியைச் சரிசெய்து உறவைப் புதுப்பித்தேன். பிறகு எதிலிருந்து முதலில் கிளம்புவது என்று கேட்கும் பூட் வரிசையில் எதை ஏற்றினேன், எதை இறக்கினேன் என்று தெரியவில்லை. ஃபேன் வேகம் என்று இருந்ததைத் தொட்டேன். பெட்டி கிளம்பிப் போய்விடும் போல இரைந்தது. கடைசியில் டிஸ்க் பட்டியலுக்குப் போனேன். நான்கு இடத்துக்கு நேரேயும் காலி, காலி, காலி, காலி என்று போட்டிருந்தது.

மாப்பிள்ளை, அந்த டிஸ்க்கில்தான் உங்கள் அத்தை கம்ப்யூட்டரில் வரைந்த துணி வெட்டும் அளவுப் படங்கள் இருக்கின்றன. இருநூற்றுப் பதினெட்டு நர்ஸுகளுக்குச் சீருடை, நான்கு மாத உழைப்பு, படங்களை வெள்ளிக்கிழமை தையல் கம்பெனியில் கொடுத்தாக வேண்டும். வேறு நகல் கிடையாது. கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "டிஸ்க் காட்டலைன்னா ரெண்டு அர்த்தம் சார். ஒண்ணு, டிஸ்க் போச்சு. இல்லைன்னா டிஸ்க்கே அங்க இல்ல," என்றார். அவருக்கென்ன, விளையாட்டாகப் பேசுகிறார். கால் முளைத்து நடந்தா போகும்? உள்ளே பார்த்தால் இரண்டு வயர் எதிலும் மாட்டாமல் தொங்குகிறது. நான்தான் பிடுங்கியிருப்பேன். எங்கே சொருகுவது என்று தெரியாமல் நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். அவள் நாளை மறுநாள் வருகிறாள். திட்டினால் வாங்கிக்கொள்வேன். திட்டமாட்டாள். "பரவால்ல விடுங்க" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து வரையத் தொடங்குவாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே, இன்று ராத்திரி பஸ்ஸில் கொடுத்தனுப்பும் இந்தக் கடிதம் காலையில் கிடைத்ததும், ஏதோ வேலையாக வந்தது போல நாளையே வந்து சேருங்கள். என் பெயரை நடுவில் இழுக்க வேண்டாம்.

மகளுக்கும் பேரக் குழந்தைகளுக்கும் ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் கசியாத பேட்டரியோடும் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை வந்துவிட்டாள். வாசலில் பெல்லை ரொம்ப நேரம் அழுத்தினாளாம். அதன் பேட்டரியும் டப்பாவில் இருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. உள்ளே வந்து, கைப்பையிலிருந்து துண்டில் சுற்றிய டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நான் அந்தப் பக்கம் போனா நீங்க எதையாவது கழட்டுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? அதான் முந்திக்கிட்டு நானே கழட்டி எடுத்துட்டுப் போனேன்," என்றாள். மீதி வேலையைத் தங்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் முடித்து நேற்றே கொடுத்தும் விட்டாளாம். எந்தெந்தத் திருகைக் கழற்ற வேண்டும் என்று போனில் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானாம். ஆகவே முதல் பத்தியில் உங்கள்மேல் நம்பிக்கை என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். பயாஸில் தேதியை மறுபடி பன்னிரண்டு வருஷம் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். நீங்கள் நேரில் வந்துதான் அதை மாற்ற வேண்டும்.